கருகல் வாடை அடித்தால் வண்டி நிற்க வேண்டும்

(அப்புத்தளையில் தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் மாதர் சங்கத்தினருக்கும் நடத்திய வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த வகுப்பில் வழக்கமாகச் சம்பளம், ஈ.பி.எப்., வீட்டுக் காணி என்றுதான் பேசுவோம். இன்று வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். ஓடுகிற வண்டியில் திடீரென்று ஒரு கருகல் வாடை அடிக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, என்ன செய்ய வேண்டும், யார் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. இது சாரதிமாருக்கு மட்டும் உரிய பாடம் என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். நம்மில் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர். ஏறிப் போகிறவர்கள் எல்லோரும். மலைக்கு டிரக்டரில் போகிறோம், கொழுந்து லொறியில் தொற்றிக்கொள்கிறோம், நோயாளியை ஆட்டோவில் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம், பிள்ளைகளை வானில் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம், திருவிழாவுக்குப் பஸ் பிடித்துக் கதிர்காமம் போகிறோம். எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான்.

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். தங்காலை நகர சபையில் வேலை செய்தவர்களும் அவர்களுடைய ஆட்களும் சுற்றுலா வந்து திரும்பிப் போன பஸ் அது. நம்மைப் போல உழைத்துப் பிழைக்கிற மக்கள். அதற்கு முன், 2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதியதில் எதிரே வந்த வானிலும் ஆட்டோவிலும் இருந்த 7 பேர் போனார்கள். வண்டிக்குள் இருப்பவனுக்கு மட்டும் ஆபத்து இல்லை, றோட்டில் எதிரே வருகிறவனுக்கும் ஆபத்து என்று அந்த இடம் காட்டியது. இந்த விபத்துகளில் சட்டம் பார்க்க வேண்டியதைச் சட்டம் பார்க்கும். நாம் பார்க்க வேண்டியது, நம் மலை இறக்கத்தில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழப்பதற்கு முன் என்ன அடையாளம் காட்டும் என்பதை. பிரேக் பல நேரம் சொல்லாமல் போவதில்லை. முதலில் வாடையாகச் சொல்லும்.

ஏன் நம் ஊரில் இது பெரிய விஷயம்? அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரகலை, கொஸ்லந்தை தாண்டி வெல்லவாய போய்ச் சேரும்போது நாம் 200 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறோம். 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு 10 தொன் எடையுள்ள ஒரு பஸ்ஸை அவ்வளவு உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் மிதித்தே இறக்கினால் எவ்வளவு சூடு பிறக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய 360 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. அதாவது இரண்டு பெரிய தார் பீப்பாய் நிறையத் தண்ணீர் கொதிக்க வேண்டும். எஞ்சினுக்கும் காற்றுக்கும் அதில் பங்கு கொடுக்காவிட்டால் அத்தனையும் சக்கரத்துக்குள் இருக்கிற நாலு டிரம்மில் இறங்கும்.

சூடு ஏறினால் மூன்று காரியம் நடக்கும். ஒன்று, பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனர் பிடியை இழந்து வழுக்கும். இரண்டு, டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி இன்னும் கீழே போகும். மூன்று, பிரேக் ஒயில் கொதிக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். நம் அப்புத்தளை மூடுபனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டொட் 3 என்று போத்தலில் போட்டிருக்கும் ஒயில், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதே ஒயிலுக்கு 140 பாகைதான் கணக்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். குமிழியை மிதித்தால் அமுங்கும், சக்கரத்தைப் பிடிக்காது. "மிதித்தேன், பஞ்சு மாதிரிப் போனது" என்று சாரதிமார் சொல்வது இதைத்தான். அதனால் பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுதாக மாற்ற வேண்டும். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாக ஆகாது.

இதற்கு மருந்து எல்லா சாரதிக்கும் தெரிந்ததுதான்: எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு தடவை நன்றாக மிதித்துக் குறைத்து, பிறகு காலை எடுத்து டிரம்முக்குக் காற்றுப் பட விட வேண்டும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு உருட்டுகிற பழக்கம் மலைநாட்டில் உயிரோடு விளையாடுகிற பழக்கம்.

இது புதிய அறிவும் இல்லை. உலகத்தில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனது ஒரு பெண். 1888 ஓகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் செய்த வண்டியில் இரண்டு மகன்மாரை ஏற்றிக்கொண்டு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டை தேய்ந்து போனது. வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் நிறுத்தி, கட்டையில் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனருக்கு அதுதான் ஆரம்பம். மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றும் திரும்பி வந்து சொன்னார். வண்டி விஷயம் ஆம்பளை விஷயம் என்று ஒதுங்குகிற அக்காமார் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் இந்தப் பாடத்துக்கு நம்மை விடத் தகுதியான ஆட்கள் இல்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்குத்தான் கருவி. கொழுந்து வாடியது போதுமா, அரைத்த கொழுந்து பதத்துக்கு வந்ததா, டிரையரில் சூடு கூடித் தேயிலை கருகுகிறதா என்று மணத்திலேயே கண்டுபிடிக்கிறோம். டிரையர் வாயில் கருகல் வாடை வந்தால் யாராவது "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று நிற்பார்களா? உடனே கத்துகிறோம். அதே மூக்கு வண்டியில் ஏறினால் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

இனி வாடைகளைப் பிரித்துப் பார்ப்போம்.

இறக்கத்தில் காரமாக, மூக்கைக் குத்துகிற மாதிரி, கம்பளி கருகுவது போல வாடை வந்தால் அது பிரேக். வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டிப் பாருங்கள். நாலு சக்கரத்திலும் அனல் அடித்தால் ஓட்டிய விதத்தில் பிழை, அல்லது பாரம் அதிகம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் என்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது: வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ஸ்பிரிங் போயிருக்கும், அல்லது பேரிங்கில் கிறீஸ் காய்ந்திருக்கும். பின் சக்கரம் இரண்டும் என்றால் முதலில் கைப்பிரேக்கைப் பாருங்கள். கைப்பிரேக்கை முழுதாக இறக்காமல் ஓட்டி வருவது அடிக்கடி நடப்பது. கேபிள் துருப்பிடித்து இறங்காமல் இருப்பதும் உண்டு.

ஏற்றத்தில் அதே மாதிரிக் காரமான வாடை வந்து, எஞ்சின் கத்துகிறது ஆனால் வண்டி நகரவில்லை என்றால் அது கிளச். பாதி கிளச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதால் தட்டு தேய்ந்து எரிகிறது. தோட்டத்துக் குறுக்கு றோட்டில் கொழுந்து மூட்டையோடு ஏறும் லொறிக்கு இதுதான் நோய். நின்று ஆற விட்டால் கொஞ்சம் ஓடும். ஆனால் கிளச் மிதியில் சரியான இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தாவிட்டால் மறுபடியும் எரியும்.

கிறீச்சென்ற சத்தத்தோடு றப்பர் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. அது அறுந்தால் பல வண்டியில் தண்ணீர் பம்ப்பும் நிற்கும், சார்ஜும் நிற்கும். சட்டியில் எண்ணெய் காய்ந்த வாடையும் நீலப் புகையும் பொனட்டிலிருந்து வந்தால், எஞ்சின் ஒயில் கசிந்து சூடான சைலன்சர் குழாயில் சொட்டுகிறது. பெரும்பாலும் மேல் மூடியின் பெக்கிங் போயிருக்கும். கொஞ்சம் இனிப்பான வாடையும் வெள்ளை ஆவியும் என்றால் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட். அந்த மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துத் தோலை உரித்துவிடும். முழுதாக ஆறிய பிறகு, துணி போட்டு, மெதுவாகத் திருக வேண்டும்.

சில நேரம் ஷொப்பிங் பேக் ஒன்று சைலன்சரில் ஒட்டி உருகும். காய்ந்த மானாப்புல் அடியில் சிக்கிப் புகையும். சின்ன விஷயம்தான், ஆனால் புல் தீப்பிடிக்கும். நிறுத்தி, குனிந்து பார்த்து எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது வயர் கருகுகிற வாடை. பிளாஸ்டிக் உருகுகிற, தொண்டையைக் கட்டுகிற வாடை. டாஷ் போர்ட் பக்கமிருந்தோ சீட்டுக்கு அடியிலிருந்தோ வரும். ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரே, இது உங்களுக்கு. பாட்டுப் பெட்டி, அம்ப்ளிபயர், கலர் லைட் என்று இருக்கிற வயரிலேயே முடிச்சுப் போட்டு எடுக்கிறோம். பியூஸ் எரிந்தால் சிகரட் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றி வைக்கிறோம். பியூஸ் எரிவது வயர் எரியாமல் காப்பாற்ற. அதன் இடத்தில் கம்பியை வைத்தால் அடுத்து எரிவது வயர், அதற்கு அடுத்தது வண்டி. இந்த வாடை வந்தால் உடனே நிறுத்தி, சாவியை மூடி, ஆட்களை இறக்கி, முடிந்தால் பெட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். புகை வரும் பொனட்டை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ மூளும். வயர்த் தீக்கும் பெற்றோல் தீக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீயணைக்கும் தூள் போத்தல், இல்லாவிட்டால் மண். தீ பெரிதானால் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பச்சைப் பெற்றோல் வாடை அடித்தாலும் இதே கதைதான். சாவியை மூடு, ஆளை இறக்கு, யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது.

சரி, பிரேக் வாடை வந்துவிட்டது, இறக்கத்தில் இருக்கிறோம். என்ன செய்வது? மிதி இன்னும் பிடிக்கும்போதே நிறுத்த வேண்டும். "பெரகலைச் சந்திக்குப் போய்ப் பார்ப்போம்" என்பது பேச்சே இல்லை. அகலமான இடத்தில் மலைப்பக்கம் ஒதுக்குங்கள். கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்துக்குப் பள்ளப் பக்கம் கல் அல்லது கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி விட்டுவிட்டு இறங்க வேண்டாம். ஆட்கள் எல்லோரும் இறங்கி, வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்காமல் பக்கத்தில் தள்ளி நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் இரும்பு வெடிக்கும். அரை மணி நேரமாவது தானாக ஆற விடுங்கள். ஆறிய பிறகு மிதி உயரமாகவும் இறுக்கமாகவும் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டி அன்றைக்கு நகரக் கூடாது.

மிதி போயே போய்விட்டால், எஞ்சினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் ஸ்டியரிங் இறுகிவிடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பிரேக் ஒயிலில் வேலை செய்யும் வண்டியில் மிதியை வேகமாக அடித்து அடித்து மிதித்தால் கொஞ்சம் பிடிக்கலாம். காற்றுப் பிரேக் உள்ள பஸ், பெரிய லொறியில் அப்படி அடிக்கக் கூடாது. இருக்கிற காற்றும் தீர்ந்துவிடும். அந்த வண்டிகளில் காற்று மீற்றரைப் பார்த்தபடி ஓட்டுவதுதான் சாரதியின் முதல் வேலை. ஆட்டோ, வான் என்றால் கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஹோர்ன் அடித்து, லைட் போட்டு, பள்ளப் பக்கத்தை விட்டு மலைப்பக்க மண்ணில் உரசி நிறுத்துங்கள். வண்டி நசுங்கினால் தட்டி எடுக்கலாம். அடிபட்டவர்களுக்கு 1990 அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119. இந்த இரண்டு இலக்கமும் ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது இயந்திரப் பாடம். இனிச் சங்கப் பாடம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் சொந்த வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. இந்த ஐந்து வருடத்தில் நாடே பழைய வண்டியை ஒட்டுப் போட்டு ஓட்டியது. தோட்டங்களில் அதற்கு முன்பே அந்த நிலைதான். டயர் தேய்ந்த டிரக்டர், கதவு கட்டிய லொறி. அதில் கொழுந்து மூட்டைக்கு மேலே ஆட்கள். சாரதி "பிரேக் சரியில்லை" என்று சொன்னால், "இன்றைக்கு ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்" என்ற பதில் நம் எல்லோருக்கும் பழக்கமானது. கொழுந்து வாடிப் போகும், ஸ்டோர் காத்திருக்கிறது என்பார்கள். கொழுந்துக்கு நேரம் உண்டு என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் நிறுத்திய சாரதி ஏச்சு வாங்குகிறார், அதைப் பார்த்த அடுத்த சாரதி வாடை அடித்தாலும் நிறுத்துவதில்லை. பின்னால் இருக்கிற நாற்பது பேருக்கும் வாடை தெரிகிறது. "நமக்கு எதற்கு வம்பு, கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறோம். மூக்கை மூடினால் வாடை போகும், பிரேக் திரும்பி வராது.

அதனால் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு தோட்ட வண்டியிலும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். சாரதி கண்ட பழுதைத் திகதியோடு எழுத வேண்டும், பொறுப்பானவர் பார்த்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டையும் ஒரு தீயணைக்கும் போத்தலும் வண்டியிலேயே இருக்க வேண்டும். மூட்டைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. பழுது என்று நிறுத்திய சாரதிக்கும், வண்டி நின்றதால் பிந்தி மலைக்குப் போன ஆட்களுக்கும் அன்றைய பேர் வெட்டக் கூடாது. தோட்ட அம்புலன்ஸ் முதலில் சரிபார்க்கப்பட வேண்டும். பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகிற வண்டி அது.

விபத்து நடந்து காயம்பட்டால் மறைக்காதீர்கள். 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது வேலையால் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க வழி தருகிறது. டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரித் துண்டு, வண்டியின் கொப்பி எல்லாம் அப்போது சாட்சி. எழுதி வைக்காத பழுது நடக்காத பழுதாகிவிடும்.

கராஜில் உதவியாளாக வேலை பழகுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு விஷம். டிரம்மைக் கழற்றிக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், மூக்குக்குத் துணி கட்டுங்கள். விலை குறைவு என்று பெயர் தெரியாத ஷூவை வாங்கிப் போடவும் வேண்டாம். சொந்த ஆட்டோவுக்கு லீசிங் கட்டுகிற தம்பிமாரின் கஷ்டம் நமக்குத் தெரியும். மாதத் தவணைக்குப் பயந்து பிரேக் வேலையைத் தள்ளிப் போடுகிறோம். நாலைந்து பேர் சேர்ந்து நல்ல பாஸ் ஒருவரை மாதம் ஒரு நாள் தோட்டத்துக்கே வரச் சொன்னால் செலவு பிரியும். இதைக் கமிட்டி முன்னின்று செய்யலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். பள்ளிக்கூட வானில் போகும் பிள்ளை "ஏதோ கருகுது அங்கிள்" என்று சொன்னால், "வாயை மூடிக்கொண்டு இரு" என்று சொல்லாத பெரியவர்கள் வேண்டும். எங்கள் வகுப்பறையில் இந்த வாடைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் நீங்களும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை மூக்கு நம் மூக்கை விடக் கூர்மை.

நாளைக் காலையில் பெரட்டு முடிந்து வண்டியில் ஏறும்போது இதைச் செய்யுங்கள். வாடை அடித்தால் முதலில் உணர்ந்தவர் சத்தமாகச் சொல்லட்டும். அடுத்தவர் "ஆமாம், எனக்கும் அடிக்கிறது" என்று சேர்ந்து சொல்லட்டும். ஒருவர் சொன்னால் குறை, நாற்பது பேர் சொன்னால் சங்கம். வண்டி நிற்கும். நின்ற வண்டியில் யாரும் சாவதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சாரதித் தம்பிமார் முன்னால் வாருங்கள், வெளியே நிற்கிற ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றி எல்லோருக்கும் காட்டுவோம்.